குடுக்கை ஜெயித்த ஆட்டம்

குடுக்கை என்ற பெயர் எங்கள் காதில் முதலில் விழுந்தபோது அந்தப் பெண்ணை நாங்கள் யாரும் பார்த்தது கூட இல்லை. அவளுடைய மாமியார் எங்களுக்குப் பெரியம்மா மகள். மகன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்: "பொண்ணு நல்லாத்தான் இருக்கா. ஆனா அவசரக்குடுக்கை. எனக்குத் தாகம்னு நான் நெனைக்கிறதுக்குள்ள டம்ளர் கைக்கு வந்துருச்சு. பாதி குடிக்கிறதுக்குள்ள அதைப் பிடுங்கிக் கழுவி வச்சுட்டா."

கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் 'அவசரம்' உதிர்ந்துபோய்க் குடுக்கை மட்டும் நின்றது. கொழுந்தன் 'குடுக்கை அண்ணி' என்றான். நாத்தனார் வெறும் குடுக்கை என்றாள். புருஷன் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டான். பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவன். ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு அடுத்ததைத் தொடுவதற்குள் ஒரு பெருமூச்சு விடுகிற ஆள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் எதிரில் வந்து நின்றிருப்பாள். அப்புறம் கூப்பிட என்ன இருக்கிறது?

அவளுக்கு வேலை பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் துவைக்கும் இயந்திரங்கள். நடுவில் சூடான உருளை. இரண்டு பேர் நின்று ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு மூலையையும் இழுத்துப் பிடித்து உருளைக்குள் கொடுக்க வேண்டும், மறுபக்கம் அது காய்ந்து தகடு மாதிரி வரும். குடுக்கையின் இரண்டு முன்கையிலும் கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு. எல்லாம் உருளை இழுப்பதற்கு முன்னாலேயே இவள் உள்ளே தள்ளியதால் வந்தவை. மூலையில் கிழிசல் தைக்கிற அக்கா ஒருத்தி தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பாள். எல்லோருக்கும் தையலக்கா.

படுக்கை விரிப்போடு என்னென்னவோ சுருண்டு வரும். மூக்குக் கண்ணாடி வரும், பல்செட் வரும், ஒரு தடவை மேலே ஏதோ ஒரு வார்டில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி ரிமோட் வந்தது. மூன்று மாதம் பெட்டியில் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டு வராவிட்டால் எடுத்தவர்களுக்கே. அப்படித்தான் ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து காந்தம் வைத்த சின்னச் சதுரங்கப் பலகை ஒன்று குடுக்கை கைக்கு வந்தது. அப்போது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பலகைக்கு நடுவில் ஒரு பத்திரிகைத் தாள் மடித்து வைத்திருந்தது. அதில் ஒரே ஒரு ஆட்டம், கட்டம் கட்டமாகப் படம் போட்டு அச்சடித்திருந்தது. கறுப்பு ஜெயித்த ஆட்டம். காய்கள் எப்படி நகரும் என்பதைக் கொழுந்தனிடம் ஒரு மாலையில் கேட்டுக்கொண்டாள். மற்றதெல்லாம் அந்தத் தாள்தான். வெள்ளைக் காய் கிடைத்தால் என்ன செய்வது என்று அதில் போட்டிருக்கவில்லை.

மருத்துவமனைக்கு ஒரு சதுரங்க அணி உண்டு. அலுவலகங்களுக்கு நடுவே போட்டி நடக்கும். தபால் அலுவலகம், தண்ணீர் இலாகா, மின்சாரம் என்று எட்டு அணிகள், அணிக்கு நாலு பலகை. தலைவர் மருந்துக் கூடத்தில் மாத்திரை எண்ணுகிறவர், அதனால் மருந்துக்காரர். குடுக்கை போய்க் கேட்டதும் ஐந்தாவது பெயராக, மாற்று ஆளாகப் போட்டுக்கொண்டார். யாருக்காவது காய்ச்சல் வந்தால் இவளுக்கு ஆட்டம். ஆறு வருடத்தில் மொத்தம் பதினோரு ஆட்டம் கிடைத்தது. இரண்டில் ஜெயித்தாள், இரண்டும் வெள்ளைக் காயில், எப்படி என்று அவளுக்கே தெரியாது. மனப்பாடம் செய்து வைத்த கறுப்பு ஆட்டத்துக்குள் எதிராளி ஒருத்தனும் வந்து விழவில்லை. விழுந்தாலும் ஆடக்கூடாது என்று மருந்துக்காரர் கண்டிப்பு.

"அது ஆட்டமே இல்லைம்மா. எதிராளி தூங்கினா நீ ஜெயிப்பே, முழிச்சிருந்தா நீ காலி."

"எத்தனை பேர் முழிச்சிருக்காங்க சார்?" என்றாள் குடுக்கை.

ஏழாவது வருடம் நாலாவது பலகைக்காரர், எக்ஸ்ரே எடுப்பவர், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறார் என்று தெரிந்தது. நாலாவது நாற்காலி காலி. அதற்கு இரண்டு பேர் கண் வைத்தார்கள்: இவளும், உணவகம் நடத்துகிற மேலாளரும். மருந்துக்காரர் ஒரு வழி சொன்னார். "அடுத்த சனிக்கிழமை தபால்காரங்களோட ஆட்டம். எக்ஸ்ரே அன்னைக்கு வரமாட்டார். நீ உட்காரு. ஜெயிச்சா நாற்காலி உனக்கு. இல்லேன்னா மேலாளருக்கு. அப்புறம் எங்கிட்ட மூக்கைச் சிந்தக் கூடாது."

இதில் வில்லங்கம் என்னவென்றால், தபால் அணியின் நாலாவது பலகை நாத்தனார் புருஷன். பார்சல் கவுண்டரில் உட்காருகிறவர். ஒரு பார்சலைக் கட்டினால் முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். குடும்பத்தில் சதுரங்கம் தெரிந்த ஒரே ஆள் என்று இருபது வருடமாக நிமிர்ந்து நடந்தவர். குடுக்கை அணியில் சேர்ந்த நாள் முதல் எந்த விசேஷத்தில் பார்த்தாலும் ஒரே கேலி: "பார்த்தும்மா, ராணியை விரிப்போட சேர்த்து மடிச்சு வார்டுக்கு அனுப்பிடாத." எல்லோரும் சிரிப்பார்கள். குடுக்கையும் சிரிப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற கூடத்தில் ஆட்டம். புறாக்கூண்டு மாதிரி சுவர் முழுக்க அறைகள். நீளமேசைகளை ஒட்டிப் போட்டுப் பலகைகளைப் பரப்பியிருந்தார்கள். தையலக்கா துணைக்கு வந்திருந்தாள். அவளுக்குச் சதுரங்கத்தில் குதிரையை மட்டும் அடையாளம் தெரியும். நடுவர் இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறவர், ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில். குடுக்கைக்குக் கறுப்பு.

"என்ன தங்கச்சி, கை துறுதுறுங்குது?" என்றார் பார்சல்காரர்.

"உருளை பிடிச்ச கை அண்ணா. சும்மா இருக்கத் தெரியாது."

அவர் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். இவளும் தள்ளினாள். அவர் குதிரையை எடுத்தார், இவள் குதிரையை எடுத்தாள். அவர் மந்திரியை நீட்டி வைத்தார். இவள் இரண்டாவது குதிரையை வைத்தாள். அப்போது அவர் தன் குதிரையை இவள் பக்கமாகப் பாய விட்டார். இவள் ராஜாவின் பக்கத்துச் சிப்பாய் மேல் அவருடைய குதிரைக்கும் மந்திரிக்கும் சேர்ந்தே கண். தாளில் இருக்கிற ஐந்தாவது படம். ஆறு வருடமாகக் காத்திருந்த படம் கண்ணெதிரே மரக்காயாக நின்றது.

புத்தியுள்ளவர்கள் அந்த இடத்தில் வாசலை அடைப்பார்கள். குடுக்கை அடைக்கவில்லை. தன் மந்திரியை எடுத்து எதிர்வீட்டைப் பார்க்க வைத்துவிட்டுக் கடிகாரத்தை டப்பென்று அடித்தாள். திருடன் உள்ளே வந்தால் வரட்டும், நான் அவன் வீட்டைக் கொளுத்தப் போகிறேன் என்கிற மாதிரி.

பார்சல்காரர் இருபது நிமிடம் யோசித்தார். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு குதிரையால் அந்தச் சிப்பாயை வெட்டினார். ஒரே குதிரை, ராணியையும் கோட்டையையும் சேர்த்துக் குறிவைத்து நின்றது. "பாவம்," என்றார், மெதுவாகத்தான்.

குடுக்கை ராணியைத் தொடவே இல்லை. மந்திரியைக் கொண்டு போய் அவர் ராஜாவுக்குப் பக்கத்தில் இடித்தாள். செக். ராஜா மந்திரியைத் தின்றது. குதிரை நடுவிலிருந்த சிப்பாயைத் தின்று இன்னொரு செக். ராஜா பின்னால் ஒதுங்கியது. ராணி பறந்து போய்ப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுத்ததில் ராஜா கதை முடிந்தது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. சிப்பாயைத் தள்ளித் தடுத்தார். அந்தச் சிப்பாயைக் குதிரையால் தின்றாள். குதிரையை அவர் தின்றார். ராணி அங்கேயே வந்து செக். ராஜா நகர்ந்ததும் குடுக்கை தன் கோட்டையை அதற்கு நேர் எதிரே இழுத்தாள். கொள்ளையடிக்க வந்த குதிரை நடுவில் மாட்டிக்கொண்டது. அது நகர்ந்தால் ராஜாவுக்கு ஆபத்து, நின்றால் தனக்கு.

நகர்த்தல்களைத் தாளில் எழுதிக்கொண்டே வர வேண்டும் என்பது விதி. ராஜா மந்திரியைத் தின்றபோதே குடுக்கை பேனாவைப் போட்டுவிட்டாள். கை எழுதுவதற்கா இருக்கிறது?

பதினைந்தாவது நகர்த்தலில் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. பார்சல்காரர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது. பக்கத்துப் பலகைகளில் தலை நிமிரவில்லை. மருந்துக்காரர் தன் கடிகாரத்தில் இரண்டு நிமிடத்தை வைத்துக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் முடிவுச் சீட்டை நிரப்ப வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டில் பெயர் கிடையாது. பலகை எண், கீழே இரண்டு கட்டம், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடமாகக் குடுக்கை தினம் நாற்பது சீட்டு நிரப்புகிறவள். சலவைக்கூடத்துச் சீட்டில் இடப்பக்கம் கொடுப்பவர், வலப்பக்கம் வாங்குபவர். இடப்பக்கம் எப்போதும் இவள். முன்னே ஜெயித்த இரண்டு ஆட்டத்திலும் இடப்பக்கம்தான் போட்டாள், அப்போது வெள்ளை என்பதால் சரியாகப் போயிற்று. மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருந்த 'வெள்ளை', 'கறுப்பு' இரண்டையும் அவள் வாழ்நாளில் படித்ததில்லை. இடது கட்டத்தில் ஒன்று, வலது கட்டத்தில் பூஜ்யம், கீழே கையெழுத்து. எதிரே தள்ளினாள்.

பார்சல்காரர் சீட்டைப் பார்த்தார். பேனா தாளுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு கையெழுத்துப் போட்டு, தன் நகர்த்தல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். போகும்போது கைகொடுத்தார். அந்தக் கை ஈரமாக இருந்தது என்று குடுக்கை பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு மணி நேரம் கழித்து நடுவர் வாசித்தார். மற்ற மூன்று பலகையும் சேர்ந்து இரண்டு அணியும் சமம். "நாலாவது பலகை, வெள்ளை ஜெயம். ஆட்டம் தபால் அணிக்கு."

"யாரு? நானா? நான்தான் சார் ஜெயிச்சேன்!"

நடுவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துவிட்டு நெற்றிக் கண்ணாடியை இறக்கினார். "நீங்க கறுப்புத்தானே?"

"ஆமா."

"அப்ப நீங்களே தோத்துட்டேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. நகர்த்தல் தாள் எங்கே?"

கொடுத்தாள். ஆறு நகர்த்தல்தான் இருந்தது. அதில் இவள் ஒரு மந்திரியைப் பறிகொடுத்து நின்றாள்.

"நான் பார்த்தேன் சார்!" என்று தையலக்கா முன்னால் வந்தாள். "குதிரை நடுவுல நின்னுச்சு. அண்ணன் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தாரு."

"எந்தக் குதிரைம்மா?"

"அதான்... குதிரை."

மருந்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நடுவர் கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போட்ட சீட்டை அவர் மாற்ற முடியாது. ஆனால் ஆடிய இரண்டு பேரும் சேர்ந்து வந்து தவறு நடந்துவிட்டது என்று சொன்னால் திருத்தலாம். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் போட்டி அலுவலகத்துல இருப்பேன். அதுக்கப்புறம் புத்தகத்தை மூடிடுவேன்."

"அவர் என் நாத்தனார் வீட்டுக்காரர்தான் சார். கண்டிப்பா வருவாரு," என்றாள் குடுக்கை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் கேட்டு முடித்து, ஒரு பெருமூச்சு விட்டு, "நாளைக்குப் போய்ப் பேசலாம்," என்றான். "ஆனா நீ வாயைத் திறக்கக் கூடாது. அத்தானைத் தனியா பால்கனிக்குக் கூட்டிட்டுப் போய் நான் பேசிக்கிறேன். மனுஷனுக்கு மானம்னு ஒண்ணு இருக்கில்ல."

"எனக்கு இல்லையா?"

"உனக்கும் இருக்கு. அதான் வாயைத் திறக்காதங்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனார்கள். நாத்தனார் வீடு நாலாவது மாடி. படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. நாத்தனார் காப்பி கொண்டுவந்தாள். கல்லூரிக்குப் போகிற மகளும் மகனும் கூடத்தில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா எதையோ திருப்பிக் கொடுக்க வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் சொன்னபடியே அத்தானைப் பால்கனிக்குக் கூட்டிப் போனான். குடுக்கை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"இப்ப வர்ற டயரெல்லாம் முன்ன மாதிரி இல்ல அத்தான்," என்றான் புருஷன்.

பத்து நிமிடம் டயர். பதினைந்து நிமிடம் டயர். முன் டயர் தேய்ந்து பின் டயருக்கு வந்தான். குடுக்கையின் பாதம் தரையில் தாளம் போட்டது. பின் டயர் முடிந்து ஜாக்கி என்று ஆரம்பித்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து காந்தப் பலகையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள்.

"அண்ணி, இங்க பாருங்க. நேத்து நடந்ததை அப்படியே காட்டறேன். பிள்ளைங்களா, நீங்களும் வாங்க."

சட்சட்டென்று காய்கள் நகர்ந்தன. திருடன் உள்ளே வந்தான், மந்திரி விழுந்தது, ராணி ஓரத்துக்குப் பறந்தாள், குதிரை நடுவில் மாட்டிக்கொண்டது. மகனுக்கு ஆட்டம் தெரியும். அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"அப்பா! பதினஞ்சு நகர்த்தல்லயா? இருபது வருஷமா ஆடறேன்னு சொன்னீங்க!"

மகளும் சிரித்தாள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சிரித்தாள். பால்கனிக் கதவு திறந்தது. பார்சல்காரர் நின்றார். மேசையையும் பலகையையும் பார்த்தார். காது மடல் மறுபடி சிவந்திருந்தது.

"நீங்களே சொல்லுங்க அண்ணா," என்றாள் குடுக்கை. "இதுல வெள்ளை எங்கே ஜெயிச்சுது? காட்டுங்க பார்ப்போம்."

அவர் வெள்ளை ராஜாவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு நிதானமாகத்தான் சொன்னார். "நாளைக்கு நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். அரை நாள் விடுப்புக்கு நேத்தே எழுதிக் கூடக் கொடுத்துட்டேன். ராத்திரி பூரா அந்தச் சீட்டுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. இப்ப வந்தா, என் பிள்ளைங்க சிரிச்சதுக்குப் பயந்து வந்ததாத்தானே ஆகும்? வரமாட்டேன்."

"ஐயோ அண்ணா, நான் என்ன தப்பா..."

"உன்னை யாரு தப்புன்னு சொன்னது? நீதான் ஜெயிச்சவளாச்சே."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாத்தனார் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டே, "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாடி குடுக்கை?" என்றாள். அவர் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தது நிஜமா என்று குடுக்கை கேட்டாள். நாத்தனாருக்குத் தெரியவில்லை. இன்று வரை யாருக்கும் தெரியாது.

படி இறங்கும்போது புருஷன் சொன்னான்: "ஜாக்கி முடிச்சதும் அதைத்தான் பேச வந்தேன்."

"எந்த வருஷம் முடிச்சிருப்பீங்க?"

இரண்டாவது மாடி வரைக்கும் அவள் கத்தினாள், அதற்குக் கீழே அழுதாள். கோபம் யார் மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. டயர் மேலா, அண்ணன் மேலா, அந்தப் பொடி எழுத்தில் அச்சடித்த புண்ணியவான் மேலா. தன் மேல்தான் அதிகம்.

திங்கட்கிழமை அவரிடமிருந்து ஒரு சொல் இல்லை. குடுக்கை பார்சல் கவுண்டருக்கே போனாள். வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது அவர், "பார்சல் இருக்கா?" என்றார். இல்லை என்றாள். "அடுத்த ஆள்," என்றார்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே போட்டி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நாத்தனார் மகன் வந்தான். "அத்தை, நான் பேசிப் பார்த்தேன், அப்பா அசையலை. நான் வந்து சொன்னா எடுத்துப்பாங்களா?" என்று கேட்டான். நடுவர் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். ஆடினவர் வாயால் வர வேண்டும். ஐந்து மணி ஆனது. நடுவர் ஐந்தே கால் வரை புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார். அதற்கு மேல் அவரும் வீட்டுக்குப் போக வேண்டாமா?

நாலாவது நாற்காலி உணவக மேலாளருக்குப் போயிற்று. மருந்துக்காரர் ஒரு நாள் மாத்திரைக் கவுண்டரில் அவளைப் பிடித்து, அந்த ஆட்டத்தை மறுபடி போட்டுக் காட்டச் சொன்னார். முழுக்கப் பார்த்தார். "நல்ல ஆட்டம்மா," என்றார். "ஆனா புத்தகத்துல தோல்வின்னுதானே இருக்கு. நான் மேலாளருக்கு என்ன பதில் சொல்றது?"

நாத்தனார் வீட்டுக்கும் இவர்களுக்கும் போக்குவரத்து நிற்கவில்லை. நல்லது கெட்டதுக்கு வருகிறார்கள், போகிறார்கள். பார்சல்காரர் அந்த ராணிக் கேலியை விட்டுவிட்டார். இவளிடம் பேசும்போது 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. அந்த மரியாதையைக் கேட்கும்போதெல்லாம் குடுக்கைக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுக்குப் போன மாதம் ஐம்பத்தாறு முடிந்தது. அதே சலவைக்கூடத்தில், அதே உருளையில், காலை ஆறு மணி வேலைக்குப் போய்வருகிறாள். அணிப் பட்டியலில் இந்த வருடமும் ஐந்தாவது பெயர், மாற்று ஆள்.